சங்கத்தின் பெயரால் பேசும் அந்நியர்

சென்ற ஐப்பசியில், தீபாவளி கழிந்த மறுவாரம், கைத்தறி நெசவாளர் சங்கமொன்றின் ஏடுகளைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தேன். அறுபது வயதைக் கடந்த அங்கத்தினர் ஒருவர் பாஸ் புத்தகமும் கையுமாக வாயிற்படியருகே நெடுநேரம் நின்றார். கூலி பாக்கி கேட்க வந்தவர் என்றே எண்ணினேன். அருகே அழைத்து விசாரித்தபோதுதான், அவர் கணக்கிலிருந்த 21,400 ரூபாயும் பறிபோன செய்தி வெளிவந்தது. போய் நான்கு நாட்களாகியிருந்தன.

வங்கியின் தலைமை அலுவலகத்திலிருந்து பேசுவதாக ஒருவன் கைப்பேசியில் அழைத்திருக்கிறான். “கே.ஒய்.சி. விவரங்கள் காலாவதியாகிவிட்டன, மாலைக்குள் புதுப்பிக்காவிடில் இனிமேல் உங்கள் கணக்கில் கூலி வரவு வைக்க இயலாது” என்று அச்சுறுத்தினான். பிறகு, ஏ.டி.எம். அட்டையின் எண்களையும், கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்க ஓ.டி.பி. எண்ணையும் படிக்கச் சொன்னான். 14,000 ரூபாய் போயிற்று. மறுநாள் அவனே மீண்டும் அழைத்து, தவறுதலாகப் பிடித்த தொகையைத் திருப்பித் தருவதாகச் சொல்லி, இன்னோர் எண்ணைக் கேட்டு வாங்கினான். எஞ்சிய 7,400 ரூபாயும் போயிற்று. இந்த இரண்டாவது அழைப்பே இத்தொழிலின் உச்சக் கயமை என்பேன்.

“எப்படி நம்பினீர்கள்?” என்று கேட்டேன்.

“என் பேரு, தகப்பனார் பேரு, கணக்கு நம்பர் எல்லாத்தையும் அவனே சொன்னானுங்களே, ஐயா” என்றார்.

அவ்விவரங்கள் அவனுக்கு எவ்விதம் கிடைத்தன? துப்பறிய அதிக தூரம் போகவேண்டியிருக்கவில்லை. போனஸ் பெறுவோர் பட்டியல், வங்கிக் கணக்கு எண்களுடன், சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. அதன் புகைப்படம் வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றிற்று. அவன் அதிலிருந்துதான் எடுத்தான் என்று நிரூபிக்க என்னால் இயலாது. ஆயினும், அங்கத்தினரின் பேதைமையைக் குறைகூறுமுன் சங்க அலுவலர்களாகிய நாம் நம் பலகையைப் பார்த்துக்கொள்வது நியாயம். நம் பெயரும் கணக்கு எண்ணும் ஒருவனுக்குத் தெரிந்திருப்பது அவன் வங்கி அலுவலன் என்பதற்குச் சான்று ஆகாது.

விவசாய அங்கத்தினர்களுக்கு வேறொரு கண்ணி வைக்கப்படுகிறது. பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணைகளில் வருவதை யாவரும் அறிவர். தவணை வரும் காலம் பார்த்து, அத்திட்டத்தின் பெயர் சூட்டிய ஏ.பி.கே. கோப்பு ஒன்று வாட்ஸ்அப்பில் வரும். அதைத் திறந்து நிறுவிக்கொண்டால், கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்திகளைத் திருடன் தானே படித்துக்கொள்வான். ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதவரும் இதில் பணம் இழக்கக்கூடும். ஆகவே, எவர் அனுப்பினும், உறவினரே அனுப்பினும், ஏ.பி.கே. என்று முடியும் கோப்பைத் தொடாதீர்கள். உறவினரின் கைப்பேசி ஏற்கெனவே திருடன் வசப்பட்டிருக்கலாம்.

யு.பி.ஐ.யில் பணம் பெறுவதற்குப் பின் எண் வேண்டியதில்லை, கொடுப்பதற்குத்தான் வேண்டும். வாழைத்தாருக்கு முன்பணம் அனுப்புகிறேன், பின் எண்ணைப் போடுங்கள் என்று ஒரு வியாபாரி சொன்னால், அவன் உங்கள் பணத்தை எடுக்கிறான் என்று பொருள். ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டுவோரைப் பற்றி அதிகம் எழுத வேண்டுவதில்லை; நம் நாட்டுச் சட்டத்தில் அப்படியொரு கைதே கிடையாது.

வங்கிகள் தம் வாடிக்கையாளரைச் சேவை குறித்து அழைப்பதற்கு 1600 என்று தொடங்கும் எண்களையே பயன்படுத்தவேண்டும் என ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் பணித்தது. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து வங்கியின் பெயரால் ஒருவன் பேசினால், இணைப்பைத் துண்டித்துவிட்டு, பாஸ் புத்தகத்துடன் கிளைக்கே நடந்து செல்லுங்கள். எந்த எண்ணிலிருந்து அழைத்தாலும் சரி, ஓ.டி.பி. கேட்பவன் வங்கியைச் சேர்ந்தவன் அல்லன்.

பணம் போய்விட்டால் உடனே 1930 என்னும் எண்ணை அழைக்கவேண்டும். திருடிய தொகை ஒரு கணக்கில் தங்குவதில்லை. கணக்கு கணக்காகத் தாவி, இறுதியில் ரொக்கமாகிவிடும். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் வழியிலேயே நிறுத்திவைக்க இடமுண்டு. வங்கிக்கும் அப்போதே அறிவித்து அட்டையை முடக்கவேண்டும். வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த நஷ்டத்தில், அறிவிக்கும்வரை போனது அவரைச் சாரும், அறிவித்த பின் போவது வங்கியைச் சாரும் என்று 2017-இல் ரிசர்வ் வங்கி விதி வகுத்தது. நம் பெரியவர் முதல் நாளே வாய் திறந்திருந்தால் அந்த 7,400 ரூபாயாவது தப்பியிருக்கும். “மகன் ஏசுவானென்று பயந்துட்டேன்” என்றார். அவரருகே நின்ற மகன் தலை குனிந்துகொண்டான்.

அன்றே 1930-க்குப் பேசி, சைபர் குற்றப் பிரிவில் மனு எழுதிக் கொடுத்தோம். சங்கப் பலகையில் இப்பொழுது பெயரும் தொகையும் மட்டுமே ஒட்டப்படுகின்றன. போன பணத்தில் 3,100 ரூபாய் எங்கோ ஒரு கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டிருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது. அதைத் திரும்பப் பெறும் விண்ணப்பத்தைச் சென்ற வாரம் நானே எழுதி, பெரியவரிடம் கையொப்பம் வாங்கி அனுப்பினேன்.