காத்திருக்க 800 கிராம்

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் ஜான் மியூர் பாதை என்றொரு நடைபாதை இருக்கிறது. யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் சுமார் 1,230 மீட்டர் உயரத்தில் கிளம்பி, தெற்கே ஏறக்குறைய 340 கிலோமீட்டர் ஏறியும் இறங்கியும் போய், 4,421 மீட்டர் உயரமுள்ள விட்னி சிகரத்தின் உச்சியில் முடிகிறது. அலாஸ்காவை விட்டுவிட்டால் அமெரிக்காவில் அதைவிட உயர்ந்த சிகரம் கிடையாது. உச்சியைத் தொட்டவரும் வண்டிச் சாலையைக் காண இன்னும் 17 கிலோமீட்டர் இறங்கியாக வேண்டும்.

மலைமுகட்டை ஒட்டியே ஒரு பாதை ஓடினால் எப்படி இருக்கும் என்று தியோடர் சாலமன்ஸ் என்பவர் கற்பனை செய்தது 1884-இல். அப்போது அவர் சிறுவன். கலிபோர்னியா அரசு 1915-இல் பணம் ஒதுக்க, வேலை 1938-இல் முடிந்தது. ஆனால் இந்த மலைத்தொடரின் கணவாய்கள் அதற்கு முன் ஆளற்றுக் கிடந்தவை அல்ல. பையூட் மக்கள் உப்பும் எரிமலைக் கண்ணாடிக் கல்லும் பைன் கொட்டையும் சுமந்து மலையைத் தாண்டி மேற்கே போய், ஓக் கொட்டைகளோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

இன்று நடப்பவர்களில் பலருக்கு மூன்று வாரம் பிடிக்கிறது. தயாரிப்போ அரை ஆண்டுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. யோசெமிட்டியில் அனுமதிச் சீட்டுக்கான குலுக்கல் 24 வாரம் முன்னதாக நடக்கும். ஜூலைக் கடைசியில் நடக்க ஆசைப்படுபவர், மலைமேல் பனி கொட்டிக்கொண்டிருக்கும் பிப்ரவரியிலேயே தேதியைச் சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு தேதிக்குப் பின்னால் இயற்பியலும் உடலியலும் வானிலையும் சேர்ந்து போடும் கணக்கு நிறைய இருக்கிறது.

எத்தனை நாள்?

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் ஒரு உத்தேசக் கணக்குச் சொன்னார். அதை இன்றைய அளவைகளில் இப்படிச் சொல்வார்கள்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். மியூர் பாதையில் எல்லா ஏற்றங்களையும் கூட்டினால் ஏறத்தாழ 14,000 மீட்டர் வரும். தூரத்துக்கு 68 மணி, ஏற்றத்துக்கு 23 மணி, மொத்தம் 91 மணி.

ஆனால் நெய்ஸ்மித் மனத்தில் வைத்திருந்த ஆள் மூன்று வாரக் குடித்தனத்தை முதுகில் தூக்கிக்கொண்டு போகவில்லை. 15 கிலோ முதுகுப்பைக்கும் மெலிந்த காற்றுக்கும் சேர்த்து மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் 120 மணி. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் கால் நகர்ந்தால் 20 நாள். ஆக, மூன்று வாரம் என்பது சோம்பேறிக் கணக்கு இல்லை.

எத்தனை கிலோ?

70 கிலோ ஆள், 15 கிலோ சுமை. இந்த 85 கிலோவை 1,000 மீட்டர் உயர்த்தத் தேவையான ஆற்றல் 200 கிலோகலோரிதான். ஆனால் தசை தான் எரிப்பதில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும். மீதி வெப்பமாகவும் வியர்வையாகவும் போய்விடும். ஆகவே அந்த ஏற்றத்துக்கு உடல் கேட்பது 800 கிலோகலோரி. சமதள நடை, இறக்கம், இரவுக் குளிர், உயிர்வாழும் அடிப்படைச் செலவு எல்லாம் சேர்ந்தால் ஒரு நாளின் தேவை 3,500 முதல் 4,500 வரை போகும்.

இதை எந்த உணவாகத் தூக்கிக்கொண்டு போவது? ஒரு கிலோ ஆப்பிளில் சுமார் 520 கிலோகலோரி இருக்கிறது. ஒரு கிலோ சோற்றில் 1,300; அதே ஒரு கிலோ அரிசியாக இருந்தால் 3,600. வேர்க்கடலையில் 5,700. எண்ணெயில் 9,000-ஐ நெருங்குகிறது. ஆப்பிளுக்கும் அரிசிக்கும் நடுவே உள்ள பெரிய வித்தியாசம் தண்ணீர். மலையில் ஓடைதோறும் தண்ணீர் கிடைக்கும்போது அதை உணவுக்குள் வைத்துச் சுமப்பது வீண். அதனால்தான் நடப்பவர்கள் உலர்ந்ததையும் எண்ணெய்ப் பசை உள்ளதையும் தேடுகிறார்கள். நன்றாகத் தேர்ந்தால் 800 கிராமில் 3,500 கிலோகலோரி அடங்கும். குறைவதை உடல் தன் கொழுப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும்; ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கிலோகலோரி சேமிப்பு இருக்கிறது.

அப்படியானால் நெய்யும் கடலையும் மட்டும் போதுமே என்று தோன்றலாம். அங்கேதான் உயரம் குறுக்கே வருகிறது. ஒரு லிட்டர் ஆக்சிஜனைக் கொண்டு மாவுச்சத்தை எரித்தால் சுமார் 5 கிலோகலோரி கிடைக்கும். கொழுப்பை எரித்தால் 4.7. ஆக்சிஜன் பற்றாக்குறை உள்ள இடத்தில் இந்தச் சிறு வித்தியாசமும் கணக்கில் வரும். பையில் இலேசானது கொழுப்பு, மூச்சுக்கு இலேசானது மாவும் சர்க்கரையும். எனவே கணவாய் ஏறும்போது வாயில் பேரீச்சையும் மிட்டாயும், இரவுக் கூடாரத்தில் கடலையும் பாலாடைக்கட்டியும் என்று பிரித்துக்கொள்வது நல்ல உத்தி.

எடைக்கு அடுத்தது கொள்ளளவு. சியராவின் கருங்கரடிகள் மனித உணவின் ருசி அறிந்தவை. கரடி வாய்க்குள் அடங்காத பருமனும், பல்லுக்கும் நகத்துக்கும் பிடி கொடுக்காத வழவழப்பும் கொண்ட உருண்டை டப்பாவில் உணவைப் பூட்டி வைப்பது இந்தப் பாதையில் கட்டாயம். வெறும் டப்பாவே ஒரு கிலோவுக்கு மேல். பெரியது என்றாலும் 11, 12 லிட்டர்தான். நூடுல்ஸை நொறுக்கித் திணித்தாலும் ஏழெட்டு நாள் உணவோடு மூடி முட்டும். மூன்று வாரத்துக்கு ஆகாது. ஆகவே வழியிலுள்ள சில தங்குமிடங்களுக்கு முன்கூட்டியே பிளாஸ்டிக் வாளிகளில் உணவு அனுப்பி வைக்கிறார்கள். கடைசி வாளி காத்திருப்பது நடுவழியிலுள்ள மியூர் டிரெயில் ரேஞ்ச் என்ற பண்ணையில். அங்கிருந்து விட்னியைத் தாண்டி இறங்கும்வரை சுமார் 180 கிலோமீட்டர், ஒரு வண்டிச் சாலையும் குறுக்கிடாது. பத்து நாள் நடை, எட்டுக் கிலோ உணவு, எட்டு நாள் டப்பா. கணக்கு இடிக்கிறதல்லவா? சிலர் வேகத்தைக் கூட்டுகிறார்கள். சிலர் கியர்சார்ஜ் கணவாய் வழியாக வெளியே இறங்கி, உணவு வாங்கித் திரும்ப ஏறுகிறார்கள். அதற்கு ஒன்றிரண்டு நாள் செலவு.

இரத்தம் ஊறும் நேரம்

மலைக்காற்றில் ஆக்சிஜன் குறைவு என்று பொதுவாகச் சொல்கிறோம். விகிதம் குறைவதில்லை, கடற்கரையிலும் விட்னி உச்சியிலும் அது 21 சதவீதம்தான். குறைவது அழுத்தம். உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் 60 சதவீதத்துக்கும் கீழே. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே வரும் மூலக்கூறுகளே குறைந்துவிடுகின்றன. 1,500 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் உடலின் உச்ச உழைப்புத் திறன் ஏறத்தாழ ஒரு சதவீதம் இறங்குகிறது.

இதைச் சமாளிக்க உடல் படிப்படியாக வேலை பார்க்கிறது. முதல் சில மணி நேரத்தில் மூச்சும் நாடியும் வேகமெடுக்கும். வேகமாக மூச்சுவிடுவதால் கரியமில வாயு அதிகம் வெளியேறி, இரத்தம் காரத்தன்மை பக்கம் சாயும். அதைச் சீராக்கச் சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்ற ஓரிரு நாள் எடுத்துக்கொள்ளும். அதே சிறுநீரகம் ஆக்சிஜன் குறைவை உணர்ந்து எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனைச் சில மணி நேரத்திலேயே சுரக்கத் தொடங்குகிறது. செல்கள் இந்தக் குறைவை எப்படி உணர்கின்றன என்று கண்டறிந்ததற்காகத்தான் வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா மூவருக்கும் 2019-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. ஆனால் கட்டளை பிறந்தாலும் எலும்பு மஜ்ஜை போதிய சிவப்பணுக்களை உண்டாக்கி முடிக்க வாரக்கணக்கில் ஆகும்.

இப்போது பாதையின் திசையைப் பாருங்கள். வடக்கிலிருந்து கிளம்பினால் முதல் பெரிய கணவாயான டோனஹ்யூ 3,370 மீட்டர். நடுவழி தாண்டி மியூர் கணவாய் 3,640 மீட்டர்; பிறகு மேதர், பின்ஷோ இரண்டும் 3,700-ஐ நெருங்குகின்றன. ஃபாரஸ்டர் 4,009. கடைசியில் விட்னி. மூன்று வாரத்தில் இரத்தம் ஊற ஊற, கணவாய்களும் ஒன்றையடுத்து ஒன்றாகப் பொதுவில் உயர்ந்துகொண்டே போகின்றன. இடையிடையே பாதை பள்ளத்தாக்குகளில் இறங்குவதால், பகலில் உயரத்தைத் தொட்டு இரவில் தாழ்வில் தூங்கவும் முடிகிறது. 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரத்தை ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொதுவான அறிவுரை. இந்தப் பாதை வடக்கிலிருந்து வருபவருக்கு அதைச் சொல்லாமலே கடைப்பிடிக்க வைக்கிறது. தெற்கிலிருந்து கிளம்புபவருக்கு முதல் ஓரிரு நாளிலேயே 4,000 மீட்டர் எதிர்ப்படும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று மலைநோய் பிடித்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

உயரம் அடுப்பிலும் கைவைக்கிறது. ஒவ்வொரு 300 மீட்டருக்கும் கொதிநிலை சுமார் ஒரு டிகிரி இறங்குவதால், 3,000 மீட்டரில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு எவ்வளவு நேரம் தளதளத்தாலும் நறுக்கென்றே நிற்கும்; குக்கரைத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. விறகு மூட்டலாமென்றால், சுமார் 3,000 மீட்டருக்கு மேல் பல பகுதிகளில் தடை. அங்கே மரம் வளர்வது மெதுவாக. விழுந்த கட்டை மக்கித்தான் மண்ணாக வேண்டும். எனவே ஏற்கெனவே வெந்து உலர்ந்த, சுடுநீர் ஊற்றினாலே போதுமான உணவுதான் அடுப்பு எரிவாயுவை மிச்சப்படுத்தும்.

பனியும் ஆறும் இடியும்

உடலை இப்படிக் கணக்கில் கட்டலாம். பனியைக் கட்ட முடியாது. ஏப்ரல் தொடக்கத்தில் கலிபோர்னியா அரசு மலைப்பனியை அளக்கிறது. 2015-இல் அது வழக்கமான அளவில் 5 சதவீதம் மட்டுமே. 2023-இல் 237 சதவீதம். ஒரே ஜூலை மாதம், ஒரே கணவாய். ஒரு ஆண்டு வெறும் பாறை, இன்னொரு ஆண்டு பனிக்கோடரி இல்லாமல் கால் வைக்க முடியாத வெண்சரிவு. தேதியைச் சொல்லி அனுமதி வாங்கியவருக்கு எது வாய்க்கும் என்பது குலுக்கல் முடிந்து பல வாரம் கழித்துத்தான் தெரியும்.

பனி உருகினால் ஆறு பெருகும். பேர் கிரீக், எவல்யூஷன் கிரீக் போன்ற இடங்களில் பாலம் கிடையாது. இறங்கித்தான் கடக்க வேண்டும். உச்சி வெயிலில் உருகும் நீர் ஆற்றை வந்தடையச் சில மணி நேரம் ஆவதால், பிற்பகலிலிருந்து முன்னிரவுவரை வெள்ளம் உச்சத்தில் இருக்கும். இரவுக் குளிரில் உருகல் நின்று, விடியற்காலையில் மிகவும் வடிந்திருக்கும். ஓடும் நீர் காலைத் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும்: வேகம் இரு மடங்கானால் தள்ளுதல் நான்கு மடங்கு. நேற்று மாலை ஆளைப் புரட்டிய ஆறு இன்று காலை முழங்காலோடு விட்டுவிடுவது இதனால்தான்.

வானத்துக்கும் ஒரு நேரம் உண்டு. கோடையில் தெற்கிலிருந்து ஈரக்காற்று வரும் நாட்களில், காலை வெயில் சரிவுகளைச் சுடவைக்க, சூடான காற்று மேலெழுந்து நண்பகலில் மேகமாகத் திரண்டு பிற்பகலில் இடியாக இறங்கும். கணவாய்களோ மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்கும் மேலே. மொட்டைப் பாறையில் நிற்கும் மனிதன்தான் அங்கே உயரமான பொருள். அதனால் அனுபவசாலிகள் கணவாய்க்கு முகூர்த்தம் குறித்து, நண்பகலுக்கு முன் தாண்டி இறங்கிவிடுகிறார்கள். முதல் நாள் மாலை எங்கே கூடாரம் அடிக்க வேண்டும் என்பதையும் இதுதான் தீர்மானிக்கிறது: மறுநாள் காலையில் எட்டிவிடும் தூரத்தில், ஆனால் தூங்குவதற்குத் தாழ்வான இடத்தில்.

இந்தக் கணக்குகள் ஒன்றையொன்று இழுப்பதுதான் திட்டமிடுதலின் சிக்கல். நாளைக் குறைத்தால் உணவு எடை குறையும். இரத்தம் ஊற அவகாசமும் குறையும். பனி வடியட்டும் என்று தள்ளிப்போட்டால் ஆறு இளைக்கும். இடி நாட்களும் காட்டுத்தீப் புகையும் வந்து சேரும். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தீர்க்கும் தேதியும் இல்லை, வேகமும் இல்லை.

எனவே கணக்குப் பிசகும் என்பதையே கணக்கில் சேர்க்க வேண்டும். அதற்கான விலை, ஒரு நாளுக்கு 800 கிராம். அந்த ஒரு நாள் உணவு கூடுதலாகக் கையிலிருந்தால் ஆறு வடியும்வரை கரையில் உட்காரலாம், மேகம் கலையும்வரை மரக்கூட்டத்தில் ஒதுங்கலாம், தலைவலி தீரும்வரை அதே உயரத்தில் இன்னொரு இரவு தூங்கலாம். பையை இலேசாக்குவதாக நினைத்து அதை எடுத்து வெளியே வைத்தவருக்குக் காத்திருக்க வழியில்லை. மாலை நான்கு மணி வெள்ளத்தில் இறங்குவதும், கறுத்த வானத்தின் கீழ் கணவாய் ஏறுவதும் பெரும்பாலும் அவர்தான்.