பழைய பிரேம் கட்டிங் மிஷின் வாங்கப் போகிறீர்களா?

மும்பையில் தமிழர் வீடு என்றால், அது தாராவிக் குடிசை ஆனாலும் மாட்டுங்கா மாடிக் கட்டிடம் ஆனாலும், சுவரில் ஒரு சாமி படம் இருக்கும். பக்கத்தில் ஊரில் காலமான தந்தையின் படம் மாலையுடன் தொங்கும். ஓவியர் ரவிவர்மா 1894-ல் இந்த நகரில் அச்சகம் தொடங்கி, லட்சுமி, சரஸ்வதி படங்களை அச்சிட்டார். அன்று முதல் இங்கே படத்துக்குக் கண்ணாடி போடுகிறவர்களுக்கு வேலை உண்டு.

பிரேம் கடையில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் வாலிபர்களுக்கு ஓர் ஆசை. சொந்தமாக ஒரு சிறு கடை! ஆபீசு முடிந்து வந்து மாலையில் இந்தத் தொழிலைச் செய்யலாமே என்று எண்ணும் குமாஸ்தாக்களும் உண்டு. கண்ணாடி வெட்டும் கருவியையும் சுத்தியலையும் எளிதில் வாங்கி விடலாம். இடிப்பது, சட்டம் வெட்டும் மிஷின்தான். புதியது வாங்கக் கைப்பணம் போதாது. சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு பழைய மிஷினைத் தேடிப் புறப்படுகிறார்கள். அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

இரண்டு வகை

காலால் மிதித்து வெட்டும் மிஷின் ஒரு வகை. டென்மார்க் நாட்டு 'மோர்சோ' இதில் பெயர் பெற்றது. செங்கோணமாக நிற்கும் இரண்டு கத்திகள் ஒரே நேரத்தில் இறங்கும். ஒரு சட்டத்தின் முடிவும் அடுத்த சட்டத்தின் தொடக்கமும் ஒரே இடத்தில் வெட்டுப்படும். தூசி இல்லை, கரண்டு வேண்டாம். மரச் சட்டத்துக்கு இது அருமையானது. அலுமினியத்தை இதில் வைக்கக் கூடாது.

இன்னொன்று, மோட்டாரில் ஓடும் இரட்டை ரம்பம். தகுந்த பிளேடு போட்டால் மரம், பைபர், அலுமினியம் எல்லாம் வெட்டும். ஆனால் மோட்டாரில் ஒட்டியுள்ள தகட்டைப் படித்துப் பார்க்க வேண்டும். மூன்று பேஸ் மோட்டாரை வாங்கி வந்து, ஒரு பேஸ் இணைப்பு உள்ள வீட்டில் வைத்து என்ன செய்வது?

கத்தியைப் பாருங்கள்

மிதி மிஷினின் உயிர் கத்தியில் இருக்கிறது. ஒவ்வொரு முறை சாணை பிடிக்கும்போதும் கத்தி தேயும். தேய்ந்து முடிந்த கத்தியை எந்தச் சாணைக்காரரும் வளர்க்க முடியாது. இரண்டையும் ஜோடியாகவே தீட்ட வேண்டும். ஒன்று அதிகம் தேய்ந்திருந்தால், முனையில் இரண்டும் சேராது. அந்த இடத்தில் மரம் பிய்ந்து வரும். "சாணை பிடிச்சா சரியாப் போயிரும் அண்ணாச்சி" என்று தரகர் சொல்வார். இந்தக் கத்தியைச் சரியாகத் தீட்டித் தருபவர் யார், எங்கே இருக்கிறார் என்பதை முதலில் விசாரித்துவிட்டு, பிறகு விலை பேசலாம்.

கத்தி பிடிக்கும் தலைப்பகுதியைக் கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் கோணம் நிற்காது. திருகை முறுக்கினால் சிறு ஆட்டம் போகும். உராயும் இடமே தேய்ந்திருந்தால் போகாது. வார்ப்பிரும்பு அடிப்பாகத்தில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா? இருந்தால் ஒதுங்கிவிடுவது நல்லது. சட்டத்தின் உதட்டைத் தாங்கும் சிறு துண்டுகளும், அளவுக்கோலும் பழைய மிஷின்களில் காணாமல் போயிருக்கும். கேட்டு வாங்க வேண்டும். விரலைக் காக்கும் தடுப்பு இல்லாத மிஷினை இனாமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

நான்கு துண்டுச் சோதனை

விற்பவர் காட்டும் துண்டை நம்பக் கூடாது. உங்கள் சட்டத்தை நீங்களே கொண்டு போங்கள். அகலமான சட்டமாக இருந்தால் குறை நன்றாகத் தெரியும். நீளத்தில் இரண்டு, குறுக்கில் இரண்டு என வெட்டச் சொல்லுங்கள். சம நீளத் துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்து வைத்து, முனையை விரலால் தடவினால் ஏற்ற இறக்கம் புலப்படும். பிறகு நான்கையும் ஒரு கண்ணாடி மேல் பசை இல்லாமல் சேர்த்து வையுங்கள்.

மூன்று மூலை பொருந்தி நான்காவது மூலை வாய் பிளந்தால், அதுதான் மிஷினின் உண்மை முகம்! ஒவ்வொரு வெட்டிலும் அரை டிகிரி பிசகினால், எட்டு வெட்டுக்கு நான்கு டிகிரி. பிசகு முழுவதும் கடைசி மூலையில் வந்து நிற்கும். அதை மெழுகு வைத்து மறைக்கும் கடைகளும் உண்டு. விளக்கு ஏற்றும் சாமி படத்தில் மெழுகு எத்தனை நாள் நிற்கும்?

கெட்ட மிஷின் சட்டத்தையும் தின்னும். 10-க்கு 12 அங்குலப் படத்துக்கு ஓர் அங்குல அகலச் சட்டம் போட, சுற்றளவு 44 அங்குலம், மூலைகளுக்கு 8, ஆக 52 அங்குலம் தேவை. ஒரு வெட்டு தவறினால் ஒரு துண்டு போச்சு. கூலி அதிலேயே கரைந்துவிடும்.

எங்கே கிடைக்கும்?

சோர் பஜாரில் மட்டன் தெருவைச் சுற்றிப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை அங்கே கடைகளுக்கு விடுமுறை. அன்று அதிகாலையில் தெருவிலேயே பழைய சாமான் சந்தை கூடும். அங்கே சட்டம் வெட்டிப் பார்க்க இடம் கிடைப்பது கடினம். அதைவிட, மூடப்போகும் பிரேம் கடை ஒன்றில் ஓடிக்கொண்டிருக்கும் மிஷினைப் பிடிப்பது மேல். முதலாளி வயதாகி ஊர் திரும்புகிறார் என்றால், மிஷினோடு பழைய மோல்டிங் கட்டுகளும் சேர்ந்து கிடைக்கும். வாங்கிய பொருளுக்கு எழுத்தில் ஒரு ரசீது கேளுங்கள்.

மிதி மிஷின் 100 கிலோவுக்கு மேல் கனக்கும். மாடியில் வைப்பதாக இருந்தால் ஏணிப்படியின் அகலத்தை முன்பே அளக்க வேண்டும். டெம்போ வாடகையையும் சுமை கூலியையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். ஏற்றுவதற்கு முன்பு கத்திகளைக் கழற்றி, மரக்கட்டையில் வைத்துக் கட்டித் தனியாகக் கொண்டு போக வேண்டும். அந்தப் பொட்டலத்தைச் சுமை கூலியிடம் கொடுக்காமல் வாங்கியவரே மடியில் வைத்துக்கொள்வது வழக்கம்.