ஆசாரி தள்ளிய மரம்

கானாடுகாத்தானில் பழைய வீடொன்றின் முகப்பில் ஏறி, பர்மா தேக்குத் தூணை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொக்கை இல்லாத கெட்டிச் சத்தம் வரும். சில தூண்களைக் கட்டிப்பிடித்தால் இரண்டு கையும் எட்டாது. கடல் கடந்து, வைரம் பாய்ந்ததாகப் பார்த்துக் கொண்டுவந்த மரங்கள். நடுவில் உளுத்துப்போன மரத்தை எந்த ஆசாரி தொடுவார்?

அந்த உளுத்த மரம்தான் வேண்டும் என்று தேடி அலைகிற பறவை ஒன்று உண்டு: இருவாச்சி. பர்மாவிலும் இருக்கிறது, நம் ஆனைமலையிலும் இருக்கிறது. பெரிய இருவாச்சி ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். மஞ்சள் அலகுக்கு மேலே இன்னோர் அலகைக் கவிழ்த்து வைத்தாற்போல் கொண்டை. பறந்தால் இறக்கைச் சத்தம் பழைய நீராவி ரயில் மாதிரி காட்டைத் தாண்டிக் கேட்கும்.

இவ்வளவு பெரிய அலகு இருந்தும் மரத்தைக் குடைந்து பொந்து செய்ய அதற்கு வராது. கிளை முறிந்த இடத்தில் மழைநீர் இறங்கி, பூஞ்சணம் பிடித்து, உள்மரம் மக்கி உதிர வேண்டும். மரமோ உயிரோடு உறுதியாக நிற்க வேண்டும். மூன்று கிலோப் பறவை குஞ்சோடு தங்கும் அளவுக்கு ஒரு மரம் பருத்துப் பொந்து விழ, மனிதக் கணக்கில் பல தலைமுறை ஆகும்.

கோடைக்கு முன்பே பெண் உள்ளே போய், எச்சத்தையும் பழச்சக்கையையும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நீட்ட ஒரு பிளவு மட்டும் மிஞ்சும். அடைகாப்பு மட்டுமே சுமார் 40 நாள். அதற்குள் பறக்கும் இறகுகளையும் உதிர்த்துவிடும்; நினைத்தாலும் பறக்க முடியாது. ஆண்தான் தொண்டைக்குள் அடைத்து வந்த பழங்களை ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து, அலகு நுனியில் பிடித்துப் பிளவுக்குள் நீட்டும். பிள்ளைபெற்றவளுக்குப் பத்தியம் பார்க்கும் வீடுகளில்கூட இத்தனை கவனிப்பைக் காண்பது அரிது.

அந்தப் பழங்களில் பெரும்பங்கு காட்டு அத்தி. ஓர் அத்தி ஓய்ந்தால் இன்னொன்று காய்க்கும்; ஆனால் அவை தள்ளித் தள்ளித்தான் நிற்கும். ஆகவே பொந்து ஒன்று போதாது, சுற்றிலும் பரந்த சோலையும் வேண்டும்.

ஆனைமலையில் வெட்டிய மரங்களை மேலிருந்து சறுக்கிவிட்ட இடம் என்பதால் டாப்ஸ்லிப்புக்கு அந்தப் பெயர். அங்கே வெள்ளைக்காரர் காலத்தில் நட்ட தேக்கு வரிசை வரிசையாக நிற்கிறது. பார்வைக்குக் காடு. இருவாச்சிக்கு அதில் பழமும் இல்லை, கோடையில் இலைநிழலும் இல்லை. வெட்டுவதற்கென்று நட்ட மரம், பொந்து விழும்வரை விட்டுவைக்க நட்டதல்ல. இப்படிக் காடு சுருங்கியதாலும் வேட்டையாலும் 2018இல் பெரிய இருவாச்சி உலகச் சிவப்புப் பட்டியலில் அழிவை எதிர்நோக்கும் இனங்களோடு சேர்ந்தது.

ஜனவரி முதல் மே வரை ஆனைமலைப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொந்து விழுந்த பெரிய மரத்தடியில் படம் எடுக்க நிற்காதீர்கள். ஆள் நிற்பதைக் கண்டால் ஆண் பறவை கூட்டுக்கு வரத் தயங்கும். உள்ளே பசியோடு இருப்பவர்களால் வெளியே வர முடியாது.