உப்பும் பிணைப்பும்

விழுப்புரம் மாவட்டக் கடலோரத்தில் கீழ்புத்துப்பட்டைக் கடந்து மரக்காணம் நோக்கிச் செல்வோர், உப்பளங்களில் வெண்குவியலாய்க் கிடக்கும் உப்பைக் காண்பர். இத்தகைய கடலுப்பு உணவிற்கு மட்டுமன்றிப் பச்சைத்தோல் அழுகாமல் காக்கவும் பயன்படுகிறது. தோலிலுள்ள நீரை உப்பு வெளியேற்றுவதால் நுண்ணுயிர்கள் பெருக இயலாது. ஆயினும் உப்பை நீரில் அலசிவிட்டால் தோல் மீண்டும் அழுகத் தொடங்கும். ஏனெனில், தோலின் புரதத்தில் உப்பு நிலையான பிணைப்பு எதையும் உண்டாக்குவதில்லை.

அப்பிணைப்பை உண்டாக்குவது பதனிடுதல். தோலின் முதன்மைப் புரதமான கொலாஜன், மூன்று இழைகளை முறுக்கிய கயிறு போன்றது என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் முன்மொழிந்தனர். இக்கயிறுகளுக்கிடையே குரோமிய உப்பு பாலமிடுகிறது. பச்சைத்தோல் ஏறத்தாழ 65 பாகை செல்சியசில் சுருங்கிவிடும். குரோமியத்தால் நன்கு பதனிட்ட தோலோ கொதிநீரையும் தாங்கும். ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோலுக்கு அத்தாங்குதிறன் இல்லை.

பாலமிடும் இதே உத்தியைப் புரத ஆய்வாளர்கள் அளவுகோலாக மாற்றினர். இரு முனைகளிலும் வினைபுரியும் தொகுதிகளைக் கொண்ட சிறு மூலக்கூறுகள் குறுக்குப் பிணைப்பான்கள் எனப்படும். தோல் தொழிலிலும் பயன்படும் குளுட்டரால்டிகைடு அவற்றுள் ஒன்று. அது புரதத்திலுள்ள லைசினின் அமினோ தொகுதியைப் பற்றுகிறது. ஆனால் அதன் மூலக்கூறுகள் தமக்குள்ளும் இணைந்து நீள்வதால், பாலத்தின் நீளத்தை உறுதியாகக் கூற இயலாது. அளவீட்டிற்கு ஏற்றது டைசக்சினிமிடைல் சுபரேட்டு. அதன் பாலம் 1.14 நானோமீட்டர் நீளமுடையது. பிணைந்த புரதத்தை டிரிப்சின் நொதியால் துண்டாக்கி, இணைந்தே நிற்கும் துண்டுகளை நிறை நிறமாலைமானியால் அடையாளம் காண்பர். பக்கச்சங்கிலிகளின் நீளத்தையும் கூட்டினால், அவ்விரு லைசின்களும் ஏறத்தாழ 3 நானோமீட்டருக்குள் இருந்தன என அறியலாம். பிணைப்பு தோன்றாவிடின் அவை தொலைவில் இருந்தன எனக் கொள்வது தவறு. லைசின் புரதத்தினுள்ளே மறைந்திருந்தாலும் பிணைப்பு தோன்றாது.

வினைபொருளின் அளவிலும் கவனம் தேவை. மிகுந்துவிட்டால், தற்செயலாக மோதிய புரதங்களும் பிணைந்து, இல்லாத உறவைக் காட்டும். தாங்கல் கரைசலின் தேர்வும் அத்தகையதே. ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படும் டிரிஸ் கரைசலில் அமினோ தொகுதி உண்டு. அது புரதத்திற்குப் போட்டியாக நின்று வினைபொருளைத் தானே கவர்ந்துகொள்ளும். எனவே வினை பாஸ்பேட்டுக் கரைசலில் நிகழ்த்தப்படுகிறது. வினையை உரிய நேரத்தில் நிறுத்துவதற்கு அதே டிரிஸ் இறுதியில் சேர்க்கப்படுகிறது.