துருவே கவசமாகும் உலோகம்

மேடும் பள்ளமும், சேறும் மணலும் நிறைந்த மண் தடத்தில் காற்றில் தாவித் தாவி ஓடும் மோட்டார் சைக்கிள் பந்தயத்திற்கு மோட்டோகிராஸ் என்று பெயர். 1924ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பர்லி என்னும் ஊரருகே நடந்த ‘ஸ்க்ராம்பிள்’ பந்தயத்திலிருந்து இவ்விளையாட்டின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். இப்பந்தய வண்டியின் எடை ஏறத்தாழ 100 கிலோகிராம். ஓட்டுபவரின் எடை வேறு. தாவிய வண்டி மீண்டும் நிலத்தில் இறங்கும்போது அந்த அதிர்ச்சியில் பெரும்பங்கை ஏற்பவை, முன்சக்கரத்தின் இருபுறமும் நிற்கும் இரண்டு ஃபோர்க்குகள். அவை ஒவ்வொன்றும் சுமார் 30 செ.மீ. தூரம் உள்ளே அமுங்கி மீண்டும் நீள்கின்றன.

சில பந்தயங்கள் முடிந்ததும் இந்த ஃபோர்க் குழாய்களைப் பாருங்கள். முன்னே சென்ற வண்டிகள் வாரியிறைத்த கற்கள் பட்டு எங்கும் கீறல்கள். பிரேக் குழாய் உரசிய இடத்தில் ஒரு வெள்ளைத் தடம். வெயிலில் சாயம் வெளுத்த திட்டுகள். வண்டிக்காரருக்கு உடனே ஓர் ஆசை பிறக்கிறது: “உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் கண்ணாடிபோல் பளபளக்குமே!” உண்மைதான், பளபளக்கும். ஆனால் தேய்த்து நீக்கியது அழுக்கை மட்டுமா, அல்லது வேறு எதையுமா? இக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு குழாய்கள், இரு உலோகங்கள்

ஒவ்வொரு ஃபோர்க்கும் ஒன்றினுள் ஒன்று செருகிய இரண்டு குழாய்களால் ஆனது. உள்ளே சுருள்வில்லும் எண்ணெயும் இருக்கும். சாதாரணச் சாலை வண்டிகளில் மெல்லிய குழாய் மேலேயும் பருத்த குழாய் கீழேயும் இருப்பதைக் காணலாம். மோட்டோகிராஸ் வண்டிகளிலோ 1980களின் பிற்பகுதியிலிருந்து இது தலைகீழாயிற்று. காரணம் எளிது. ஃபோர்க்கை வளைக்க முயலும் விசை, அதைக் கவ்விப் பிடித்திருக்கும் கிளாம்ப்புக்கு அருகில்தான் மிக அதிகம். அந்த இடத்தில் பருத்த குழாய் இருந்தால் வளைவு குறையும் அல்லவா?

மேலேயுள்ள இப்பருத்த குழாய் அலுமினியக் கலப்பு உலோகத்தால் ஆனது. கீழே பளபளவென்று வழுக்கிச் செல்லும் மெல்லிய குழாய் எஃகினால் ஆனது. அதன் மேல் கடினமான குரோமிய முலாம் பூசப்பட்டிருக்கும். முலாம் என்பது வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய வேறோர் உலோகம். அலுமினியக் குழாயின் மேலுள்ள படலமோ வெளியிலிருந்து வந்ததன்று. அக்குழாயின் உலோகமே மாறி உண்டானது. ‘ஆனோடைசிங்’ என்று பட்டறைகளில் வழங்கும் முறையால் அது உருவாகிறது. இந்த வேறுபாட்டை நினைவில் கொண்டால் மற்றவை எல்லாம் எளிதில் விளங்கும்.

ஒட்டி நிற்கும் துரு

இரும்பு காற்றிலும் ஈரத்திலும் கிடந்தால் துருப்பிடிக்கிறது. அத்துரு பொலபொலவென்று உதிர்வதால், அடியிலுள்ள புதிய இரும்பும் துருப்பிடிக்கிறது. இப்படியே முழு இரும்பும் அழிந்துபோகிறது.

அலுமினியமும் ஆக்சிஜனோடு சேரத் துடிக்கும் உலோகமே. புதிதாக வெட்டிய அலுமினியப் பரப்பின்மீது நொடிப்பொழுதில் ஆக்சைடு படர்ந்துவிடும். ஆனால் அந்த ஆக்சைடு உதிர்வதில்லை. உலோகத்தை இறுகப் பற்றிக்கொள்கிறது. இரண்டு மூன்று நானோமீட்டர் கனம் சேர்ந்ததும் அதற்கப்பால் ஆக்சிஜன் நுழைய வழியில்லை, வளர்ச்சி நின்றுவிடுகிறது. நம் வீட்டு அலுமினியப் பாத்திரங்கள் துருப்பிடித்து ஓட்டையாகாமல் இருப்பது இதனாலேயே. மாணிக்கமும் நீலமும் இதே அலுமினிய ஆக்சைடின் படிக வடிவங்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், இப்பொருளின் உறுதி புலப்படும்.

இரண்டு நானோமீட்டர் கவசம் சோற்றுப் பானைக்குப் போதும். கல்லடி படும் ஃபோர்க்குக்குப் போதாது. அதை ஆயிரக்கணக்கான மடங்கு கனமாக்குவதே ஆனோடைசிங்.

குழாயே மின்வாய்

இம்முறை ஒரு மின்பகுப்புத் தொட்டியில் நிகழ்கிறது. தொட்டியில் 15 முதல் 20 சதவீதம் வரையிலான கந்தக அமிலக் கரைசல் உள்ளது. அதனுள் அலுமினியக் குழாயைத் தொங்கவிட்டு நேர்மின்வாயாக இணைக்கிறார்கள். ஈயத் தகடோ அலுமினியத் தகடோ எதிர்மின்வாயாக நிற்கிறது. சுமார் 15 வோல்ட் நேர்மின்சாரம் பாய்ச்சினால், எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்புகின்றன. குழாயின் மேற்பரப்பிலோ அலுமினியம் ஆக்சைடாக மாறுகிறது.

ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாத பொருளாயிற்றே, சற்று வளர்ந்ததும் மின்னோட்டம் நின்றுவிடாதா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. இங்கேதான் அமிலம் உதவுகிறது. படலம் உருவாகும்போதே அமிலம் அதில் நுண்துளைகளைக் குடைந்துகொண்டே போகிறது. துளையின் அடியில் மெல்லிய திரை ஒன்றே எஞ்சுவதால் மின்னோட்டம் தொடர்கிறது. படலமும் உள்நோக்கி வளர்கிறது. 1953ஆம் ஆண்டில் கெல்லர், ஹண்டர், ராபின்சன் ஆகிய மூவர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் ஆராய்ந்து, இத்துளைகள் தேன்கூட்டு அறைகளைப் போல அறுகோண ஒழுங்கில் அமைந்திருப்பதை எடுத்துக்காட்டினர். இம்முறையின் தொடக்கம் அதற்கும் முந்தியது. 1923ஆம் ஆண்டிலேயே பிரிட்டனில் கடல் விமானங்களின் அலுமினியப் பாகங்களை உப்புநீரிலிருந்து காக்க பெங்கோ, ஸ்டூவர்ட் என்ற இருவர் குரோமிக் அமிலத்தைக் கொண்டு இவ்வகைப் படலத்தை உண்டாக்கினர். கந்தக அமில முறை 1927இல் வந்தது.

எவ்வளவு மின்சாரம் தேவை என்பதை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். குழாயின் விட்டம் 6 செ.மீ., நீளம் 60 செ.மீ. என்று கொள்வோம். அதன் வெளிப்பரப்பு ஏறத்தாழ 1130 சதுர செ.மீ., அதாவது 11.3 சதுர டெசிமீட்டர். ஒரு சதுர டெசிமீட்டருக்கு 1.3 ஆம்பியர் வீதம் பாய்ச்சினால் ஏறக்குறைய 15 ஆம்பியர் வேண்டும். அரைமணி நேரத்தில் சுமார் 12 மைக்ரான் கனமுள்ள படலம் கிடைக்கும். இதில் செலவாகும் மின்னாற்றலின் பெரும்பகுதி வெப்பமாக மாறுவதால், தொட்டியை 20 பாகை செல்சியஸ் அளவில் குளிர்வித்துக்கொண்டே இருக்கவேண்டும். அமிலம் சூடேறினால் படலத்தை அதுவே கரைத்து, தொட்டால் மாவுபோல் உதிரும்படி செய்துவிடும்.

பழைய தோலை உரித்தல்

கீறல் விழுந்த படலத்தின் மேலேயே புதிய படலத்தை வளர்க்க இயலாது. பழையதை முழுதும் நீக்கியாக வேண்டும். இதற்குக் காஸ்டிக் சோடா எனப்படும் எரிசோடாக் கரைசலில் குழாயை முக்குவார்கள். படலம் கரைந்தவுடன் எரிசோடா உலோகத்தையே தாக்கத் தொடங்கும்; நுரை பொங்கும். அந்த நுரையில் இருப்பது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன். ஆகவே காற்றோட்டம் இல்லாத இடத்தில் இவ்வேலையைச் செய்வது பேராபத்து. கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் பார்வைக்குக் கேடு.

வெளியே எடுத்த குழாய் கரிபூசினாற்போல் காணப்படும். கலப்பு உலோகத்திலுள்ள தாமிரம், சிலிக்கன் போன்றவை எரிசோடாவில் கரையாமல் மேலே தங்குவதே இதற்குக் காரணம். இக்கறையை நைட்ரிக் அமிலத்தைக் கொண்டு போக்குவார்கள்.

இனி மெருகேற்றும் வேலை. 320ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 600, 1000, 2000 எனப் படிப்படியாக நுண்மையான தாள்களால், தண்ணீர் விட்டுத் தேய்க்கவேண்டும். ஒவ்வொரு தாளின் வேலையும் அதற்கு முந்தைய தாள் விட்ட கோடுகளை அழிப்பதே. இறுதியில் துணிச் சக்கரத்தில் மெருகுப் பசை தடவிப் பளபளப்பாக்குவர். இந்த உழைப்பில் சிக்கனம் கூடாது. ஆனோடைசிங் படலம் கண்ணாடி போல் ஒளி ஊடுருவக் கூடியது. அடியிலுள்ள கீறலை அது மறைக்காது. பின்பு எண்ணெய்ப் பசையும் விரல் ரேகையும் சிறிதும் இன்றிக் கழுவி, தொட்டிக்குள் இறக்குவார்கள்.

தொட்டியிலிருந்து வெளிவரும் படலம் நுண்துளைகள் நிறைந்தது என்று கண்டோம். சுமார் 60 பாகை வெப்பமுள்ள சாயக் கரைசலில் முக்கினால் துளைகள் சாயத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. சிவப்பு, நீலம், பொன்னிறம் எல்லாம் இவ்வாறு வருபவையே. பிறகு கொதிநிலையை ஒட்டிய தூய நீரில் வைத்தால், ஆக்சைடு நீரோடு சேர்ந்து பருத்துத் துளைகளின் வாயை அடைத்துவிடுகிறது. இந்த அடைப்பு சரியாக அமையாவிட்டால் சாயமும் நிற்காது, சேற்றுநீரும் உள்ளே புகும்.

உலோகக் கணக்கு

இதுவரை கூறியதில் ஒரு செலவை நாம் குறிப்பிடவில்லை. ஆக்சைடுப் படலத்தில் மூன்றில் இரண்டு பங்கு பழைய மேற்பரப்புக்குக் கீழே, உலோகத்தைத் தின்று வளர்கிறது. ஒரு பங்குதான் மேலே எழும்புகிறது. எனவே 12 மைக்ரான் படலத்தைக் கரைத்தால், முதலில் இருந்த உலோகப் பரப்பைவிட 8 மைக்ரான் கீழே நிற்போம். மெருகேற்றும்போது இன்னும் 20 மைக்ரான் தேய்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய படலம் 4 மைக்ரான் மட்டுமே மேலே எழும்பும். கூட்டிக் கழித்தால் குழாயின் வெளிவிட்டம் முன்பிருந்ததைவிட 56 மைக்ரான் குறைந்திருக்கும். இது ஒரு தலைமயிரின் கனத்தை ஒத்த அளவே. ஆயினும் குழாயைக் கிளாம்ப் கவ்விப் பிடிப்பது இந்த நுட்பமான அளவை நம்பித்தான். ஒருமுறை செய்தால் பொறுக்கும்; ஆண்டுதோறும் செய்தால் பிடி தளரும். ஆகவே கிளாம்ப் பிடிக்கும் பகுதியை அதிகம் தேய்க்காமல் விடுவது அறிவுடைமை. விரல் நகம் சிக்கும் அளவுக்கு ஆழமான வெட்டு அங்கே இருந்தால், அதைத் தேய்த்து மறைக்க முயலாமல், குழாயை அறிந்தவரிடம் காட்டி மாற்றுவதே முறை. மீண்டும் மீண்டும் வளையும் உலோகத்தில் விரிசல் தொடங்குவது இத்தகைய வெட்டுகளில்தான். அது ஓட்டுபவர் காற்றில் தாவி இறங்கும் நேரத்தில் வாய் பிளந்தால் விளைவு என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

வெளிப்புறத்தைவிட உட்புறம் இன்னும் நுட்பமானது. உள்ளே எஃகுக் குழாயோடு சேர்ந்த வளையங்கள் ஓயாமல் உராய்கின்றன. ஆகவே பல ஃபோர்க்குகளின் உட்புழையில், 0 பாகையை ஒட்டிய குளிரில் வளர்க்கப்பட்ட கடினப் படலம் இருக்கும். சமையலறையில் காணும் கறுப்பு நிறக் கடின ஆனோடைஸ் தோசைக்கல்லின் மேலுள்ளதும் இந்த இனமே. சில உயர்ந்த வகைகளில், ஜப்பானின் மியாகி நிறுவனம் உருவாக்கிய ‘காஷிமா கோட்’ முறைப்படி, துளைகளுக்குள் மாலிப்டினம் டைசல்பைடு என்ற வழுக்குப் பொருளும் நிரப்பப்பட்டிருக்கும். குழாயின் இரு வாய்களையும் அடைக்காமல் எரிசோடாவில் போட்டால் இவை யாவும் கரைந்துபோகும். 50 மைக்ரான் கடினப் படலம் போனால் உட்புழையின் விட்டம் 0.1 மி.மீ. பெருகிவிடும். வளையங்கள் லொடலொடக்கும், தேய்ந்த அலுமினியத் தூள் எண்ணெயைச் சாம்பல் நிறமாக்கும். வெளியே அழகு, உள்ளே அழிவு!

எஃகுக் குழாய்க்கு இம்முறை எதுவும் பொருந்தாது. கந்தக அமிலத் தொட்டியில் நேர்மின்வாயாக வைத்தால் எஃகு கவசம் பெறாது, கரையத்தான் செய்யும். திருகு, வளையம் முதலிய எஃகுப் பாகங்கள் அனைத்தையும் முன்னதாகக் கழற்றிவிடுவது இதனால்தான். குரோமிய முலாமில் கல் பட்டு எழுந்த சிறு பிசிறை மட்டும் மிக நுண்ணிய தாளால் தடவி அடக்கலாம். அப்பிசிறை விட்டுவிட்டால் ஆயில் சீலைக் கிழிக்கும். கசியும் எண்ணெய் முன்பிரேக் வட்டில் சேர்ந்தால் பிரேக் பிடிக்காது.

ஒரு சிறு சோதனை

படலம் எங்கே இருக்கிறது, எங்கே தேய்ந்துவிட்டது என்பதைக் கண்ணால் அறிவது கடினம். மின்சாரம் எளிதில் காட்டிக்கொடுக்கும். ஒரு டார்ச் பல்பு, இரண்டு மின்கலங்கள், இரண்டு கம்பிகள் போதும். கம்பி முனைகளை அழுத்திக் கீறாமல் பரப்பின்மீது மெல்ல வையுங்கள். இரு முனைகளும் வெற்று அலுமினியத்தில் பட்டால் பல்பு எரியும். படலம் இருக்கும் இடத்தில் எரியாது. ஃபோர்க் குழாய் கிடைக்காதவர்கள் சாதாரண அலுமினியத் தட்டு ஒன்றையும், கடின ஆனோடைஸ் செய்த பாத்திரம் ஒன்றையும் இவ்வாறு ஒப்பிடலாம்.

உப்புத்தாளால் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்கிய குழாயில் எங்கு வைத்தாலும் பல்பு எரியும். அந்தப் பளபளப்பு கவசம் இழந்த உலோகத்தின் பளபளப்பே. சில வாரங்களில் அது மங்கும். கல்லுக்கும் உப்புக்கும் சேற்றுக்கும் இடம் கொடுக்கும். மெருகேற்றியபின் மீண்டும் ஆனோடைஸ் செய்தால் பளபளப்பு சற்றே தணியும்; ஆனால் பல்பு எரியாது. வண்டிக்காரர் பட்டறையிலிருந்து குழாயைத் திரும்பப் பெறும்போது கேட்டு வாங்கவேண்டியது இதைத்தான்.