விவிலியத்தின் ஓரத்தில் ஓர் இசைக்கலைஞர்

ஞாயிறு திருப்பலியில் நம் பாடகர் குழு பாடும்போது ஆர்மோனியத்தின் பின்னால் அமர்ந்திருக்கும் எனக்கு ஒரு கேள்வி அடிக்கடி எழுவதுண்டு. ஒருத்திக்குத் தொண்டை கட்டியிருக்கும். இன்னொருத்தி தாளத்தை விட்டு முன்னே ஓடுவாள். எனக்கோ அடுத்த பாட்டின் பக்கம் கிடைக்காது. இத்தனை தடுமாற்றத்துக்கும் நடுவே இறைவனின் அருள் எங்கே வந்து இறங்குகிறது?

ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் இசைக்கலைஞர் இதே கேள்விக்குத் தம் விவிலியத்தின் ஓரத்தில் மை தொட்டு விடை எழுதி வைத்தார். அவர்தாம் யோகான் செபஸ்தியான் பாக். மேலைநாட்டு இசை கற்கும் மாணவியர் பியானோ தேர்வுக்காக அவருடைய சிறு துண்டுகளை வாசித்திருப்பீர்கள். அவர் நாட்குறிப்பு எழுதியவர் அல்லர். அவர் எழுதிய கடிதங்களிலும் எஞ்சியவை சிலவே. ஆகவே அவர் தம் உள்ளத்தில் எண்ணியதை அறிய வேண்டுமானால் அந்த ஓரக் குறிப்புகளையே நாட வேண்டியிருக்கிறது.

அந்த விவிலியம் கிடைத்த கதையே சுவையானது. 1934ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் மிச்சிகன் மாநிலத்தில் பிராங்கன்மூத் என்னும் ஊரில், செருமானிய வழிவந்த ஒரு குடும்பத்தார் தம் வீட்டில் தங்க வந்த போதகர் ஒருவரிடம் பழைய புத்தகம் ஒன்றைக் காட்டினர். அவர் தலைப்புப் பக்கத்தைப் பார்த்தார். கீழே, பாக்கின் கையொப்பமும் 1733 என்னும் ஆண்டும்! ஆபிரகாம் காலோவ் என்ற இறையியலார், லூத்தரின் மொழிபெயர்ப்பையும் விளக்கங்களையும் சேர்த்து 1681-82இல் விட்டன்பர்க் நகரில் அச்சிட்ட மூன்று தொகுதிகளுள் ஒன்று அது. மற்ற இரண்டும் அதே குடும்பத்தாரிடம் இருந்தன. இன்று மூன்றும் செயின்ட் லூயிஸ் நகரத்து லூத்தரன் குருமடத்தில் பாதுகாக்கப்படுகின்றன. பாக் இறந்தபோது எடுத்த சொத்துப் பட்டியலில், அவருடைய சமய நூல்களின் வரிசையில் முதலாவதாக எழுதப்பட்டதும் இந்தக் காலோவ் விவிலியமே.

அந்தத் தொகுதிகளை அவர் அலமாரியில் அழகுக்காக வைத்திருக்கவில்லை. அச்சுப் பிழைகளைத் திருத்தியிருக்கிறார். விடுபட்ட சொற்களை ஓரத்தில் நிரப்பியிருக்கிறார். மனத்தைத் தொட்ட வரிகளின் கீழ்க் கோடிட்டிருக்கிறார். சொந்தக் கருத்தாக எழுதியவை மிகக் குறைவு. அவற்றுள்ளும் பெரும்பாலானவை இசையைப் பற்றியவை.

முதல் குறிப்பேட்டு நூலின் 25ஆம் அதிகாரத்தில் தாவீது அரசர் ஆலயப் பாடகர்களை அமர்த்துகிறார். ஆசாபு, ஏமான், எதுத்தூன் ஆகியோரின் மக்கள் இருநூற்று எண்பத்தெட்டுப் பேர். பெரியவர் சிறியவர், ஆசிரியர் மாணாக்கர் என்ற வேறுபாடின்றிச் சீட்டுப் போட்டு முறை பிரித்துக்கொண்டார்கள். வாசிக்கும் நமக்கு வெறும் பெயர்ப் பட்டியலாகத் தோன்றும் அதிகாரம் அது. உண்மையைச் சொன்னால், நான் அதைப் பலமுறை தாண்டிப் போயிருக்கிறேன். பாக்கோ, இறைவனுக்கு உகந்த ஆலய இசை அனைத்துக்கும் இதுவே அடித்தளம் என்று பக்கத்தில் எழுதினார். பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்த மனிதர், தம் வேலைக்கான நியமனக் கடிதத்தையே அங்கே கண்டார் போலும்.

விடுதலைப் பயண நூலின் 15ஆம் அதிகாரத்தில் செங்கடலைக் கடந்தபின் மிரியாம் கஞ்சிராவை எடுத்து முன்னே செல்ல, பெண்கள் அனைவரும் பின்தொடர்ந்து ஆடிப் பாடுகிறார்கள். அவ்விடத்தில் பாக், இது இறைவனின் மாட்சிக்காக இரு குழுக்கள் இசைத்த முதல் முன்னிசை என்று குறித்தார். பெண் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் இதைச் சொல்லாமல் விடலாமா? ஏனெனில் பாக் பணிபுரிந்த லைப்சிக் நகரத்து ஆலயங்களில் பெண்கள் பாடகர் குழுவில் நிற்க இயலாது. உச்சக் குரலையும் சிறுவர்களே பாடினர். அவருடைய மனைவி அன்னா மக்தலேனா, திருமணத்தின்போது கோத்தன் அரசவையில் சம்பளம் பெற்ற பாடகி. லைப்சிக்கில் அவர் குரல் வீட்டுக்குள் ஒலித்தது. கணவர் எழுதிய இசையைப் படியெடுப்பதில் அவருடைய கை ஓயவில்லை. அவர் கையெழுத்துக்கும் கணவர் கையெழுத்துக்கும் வேறுபாடு காண்பது அறிஞர்களுக்கே கடினமாயிற்று.

இனி, நான் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கான குறிப்பு. இரண்டாம் குறிப்பேட்டு நூல், 5ஆம் அதிகாரம். சாலமோன் கட்டிய கோவிலில் எக்காளம் ஊதுவோரும் பாடகர்களும் ஒரே குரலாக இறைவனைப் புகழும்போது, ஆண்டவரின் இல்லத்தை மேகம் நிரப்புகிறது. பக்தியோடு இசைக்கும் இடத்தில் இறைவன் எப்போதும் தம் அருளோடு உடனிருக்கிறார் என்பது பாக் அங்கே எழுதியதன் பொருள். 'எப்போதும்' என்பதைக் கவனியுங்கள். சாலமோனின் கோவிலில் ஒரு நாள் நடந்த அதிசயத்தை அவர் எல்லா நாள்களுக்கும் உரியதாக்கிவிட்டார்.

அந்த 'எப்போதும்' அவருக்கு எளிதாக வந்த சொல் அன்று. 1723ஆம் ஆண்டு அவர் லைப்சிக்கின் தூய தோமையார் பள்ளியில் பொறுப்பேற்றார். பள்ளிக் கட்டடத்திலேயே குடியிருப்பு. நகரத்தின் நான்கு ஆலயங்களுக்கும் பள்ளியின் சிறுவர்களே பாட வேண்டும். முதல் சில ஆண்டுகள் ஞாயிறுதோறும், திருநாள்தோறும் பெரும்பாலும் புதிய இசையமைப்பு. திங்கட்கிழமை வெறும் தாள்; அடுத்த ஞாயிறு காலை ஆலயத்தில் பாட்டு. இடையில் ஒவ்வொரு குரலுக்கும் வாத்தியத்துக்கும் தனித்தனியே படியெடுக்க வேண்டும். அதில் மனைவி, மக்கள், மாணவர் எல்லாருக்கும் பங்குண்டு. அப்படி எழுதியவற்றுள் ஏறத்தாழ இருநூறு இன்றும் நம்மிடம் உள்ளன. பல தாள்களின் தொடக்கத்தில் இயேசுவே துணை செய்யும் என்பதன் இலத்தீன் முதலெழுத்துகள் இருக்கும். முடிவில் இறைவனுக்கே மாட்சி என்பதன் முதலெழுத்துகள். நம் பாட்டிமார் கடிதத்தின் தலைப்பில் 'சேசு மரி சூசை' என்று எழுதித் தொடங்குவார்களே, அதுபோல.

பாடிய பிள்ளைகள் எப்படி? 1730இல் பாக் நகரசபைக்கு எழுதிய விண்ணப்பத்தில் கணக்கே கொடுத்துவிட்டார்: பயன்படுவோர் 17, இன்னும் பயன்படாதோர் 20, அறவே பயன்படாதோர் 17. (எங்கள் குழுவுக்கு இப்படியொரு கணக்கெடுக்க எனக்குத் துணிவில்லை.) அருள் வரும் என்று நம்பியவர், பயிற்சியை அருளின் தலையில் கட்டவில்லை என்பதற்கு இந்தக் கணக்கே சான்று. நகரசபையின் பதிவேட்டிலோ, இந்த மனிதர் ஒன்றும் செய்வதில்லை என்று உறுப்பினர் ஒருவர் குறைகூறியது பதிவாகியிருக்கிறது!

அதே ஆண்டு அக்டோபரில் பழைய நண்பர் ஒருவருக்கு அவர் எழுதிய கடிதத்தில் குடும்பக் கவலை பேசுகிறது. வருமானம் சுமார் 700 தாலர். அதில் ஒரு பகுதி இறப்புச் சடங்குகளில் பாடுவதால் வருவது. ஊரில் காற்று நலமாக இருந்து சாவு குறைந்துவிட்டால் வருமானமும் குறைந்துவிடும். முந்திய ஆண்டு அப்படி நூறு தாலருக்கு மேல் இழப்பு என்கிறார். படிக்கும்போது சிரிப்பும் வருகிறது, சங்கடமும் வருகிறது. அதே கடிதத்தில்தான், தம் பிள்ளைகள் எல்லாரும் பிறவி இசைவாணர்கள், வீட்டிலேயே ஒரு கச்சேரி நடத்த முடியும், மனைவி தெளிவாகப் பாடுவாள், மூத்த மகளும் மோசமில்லை என்று பெருமைப்படுகிறார்.

அவர் புனிதர் பட்டத்துக்குரிய பொறுமைசாலி என்று எண்ணிவிடாதீர்கள். இருபது வயதில், ஆர்ன்ஸ்டட் நகரில், தாம் இகழ்ந்து பேசிய மாணவன் ஒருவன் தெருவில் தடியோடு வந்து மறிக்க, இவர் வாளை உருவிவிட்டார். மத்தேயு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில், சினத்தைப் பற்றிய விளக்கத்தின் அருகே அவர் இட்ட அடையாளம் இருக்கிறது. பொறுப்பின் பொருட்டுச் சினம் கொள்ளலாம், தன் பொருட்டுக் கூடாது என்கிறது அந்த விளக்கம். எது பொறுப்பின் சினம், எது தன்னலச் சினம் என்று பிரித்தறிவது ஆசிரியர்களாகிய எங்களுக்கு இன்றும் எளிதாயில்லை.

பத்து வயது முடியுமுன் தாயையும் தந்தையையும் இழந்தவர் பாக். 1720இல் அரசருடன் வெளியூர் சென்று திரும்பியபோது, முதல் மனைவி மரியா பார்பரா இறந்து அடக்கமும் முடிந்திருந்தது. இரு மனைவியருக்கும் பிறந்த பிள்ளைகள் இருபது பேர். வளர்ந்து ஆளானவர்கள் பத்துப் பேர். ஆயினும் அருள் என்பது என்ன என்று அவரை உலுக்கிக் கேட்ட துயரம் இச்சாவுகளில் ஒன்றன்று என்று எனக்குத் தோன்றுகிறது. உயிரோடிருந்த ஒரு மகனால் வந்தது அது.

தாய் இறந்தபோது பெர்னார்டுக்கு வயது ஐந்து. நல்ல இசைத்திறன் உள்ளவன். தந்தை 1735இல் தாம் முன்பு பணியாற்றிய மூல்ஹவுசன் நகரத்தாருக்கு எழுதி, அவனுக்கு ஆர்கன் வாசிக்கும் வேலை வாங்கிக் கொடுத்தார். அங்கே கடன். தந்தை தீர்த்தார். 1737இல் சாங்கர்ஹவுசனில் வேறு வேலைக்கும் அவரே பரிந்துரைத்தார். அங்கும் கடன். 1738இல் எவரிடமும் சொல்லாமல் மகன் மறைந்துவிட்டான். அவனுக்கு அந்த வேலை கிடைக்க உதவிய பெரியவருக்கு அவ்வாண்டு மே மாதம் பாக் எழுதிய கடிதம் இன்றும் உள்ளது. அறிவுரையும் பயனில்லை, அன்பான கவனிப்பும் உதவியும் பயனில்லை. என் சிலுவையை நான் பொறுமையாகச் சுமக்க வேண்டும். அடங்காத மகனை இறைவனின் இரக்கத்துக்கே விட்டுவிடுகிறேன். மனமாற்றம் இறைவனின் நன்மையால் மட்டுமே வருவது என்பதை அவன் ஒரு நாள் உணருமாறு அவர் செய்வார் என்பதில் எனக்கு ஐயமில்லை. கடிதத்தின் கருத்து இதுதான். மகன் எங்கே இருக்கிறான் என்று விசாரித்துச் சொல்லும்படியும் கேட்கிறார்.

பாட்டுக்கு அருளை நம்பியபோது, அவர் செய்ய வேண்டிய வேலை எப்போதும் மிச்சமிருந்தது. எழுதலாம், பயிற்றலாம், திருத்தலாம். இங்கே செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. அருள் மனிதன் சம்பாதிப்பதன்று, கொடை என்பது அவர் சிறுவயதில் மனப்பாடம் செய்த மறைக்கல்விப் பாடம். இதைக் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் எவ்வாறு விளக்குவது என்று நானூறு ஆண்டுகளுக்கு மேல் வாதிட்டு, 1999ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். பாக் வாதத்தில் இறங்கவில்லை. பாடத்தைத் தம் மகனின் பெயரை வைத்துப் படிக்க நேர்ந்தது, அவ்வளவே.

பெர்னார்டு யேனா நகரில் சட்டம் படிக்கப் பதிவு செய்துகொண்டான். தன்னைச் சீர்படுத்திக்கொள்ளத்தான் அங்கே போனானோ என்று எண்ண ஆசையாக இருக்கிறது. 1739 மே 27ஆம் நாள் காய்ச்சலால் இறந்தான். வயது இருபத்து நான்கு.

அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் பாக்கின் பெரிய ஆர்கன் இசைநூல் ஒன்று லைப்சிக்கில் விற்பனைக்கு வந்தது. விலை 3 தாலர். மறைக்கல்விப் பாடங்களின் வரிசையில் அமைந்த நூல்: பத்துக் கட்டளைகள், விசுவாச அறிக்கை, ஆண்டவர் கற்பித்த செபம், திருமுழுக்கு, மனவருத்தம், நற்கருணை. ஒவ்வொன்றுக்கும் பெரியதாக ஒன்று, சிறியதாக ஒன்று. மனவருத்தத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது 130ஆம் திருப்பாடலை ஒட்டிய பழைய ஆலயப் பாட்டு. நாம் இறந்தோர்க்காகச் செபிக்கும் அதே திருப்பாடல். மகனை நினைத்து எழுதினார் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. பல ஆண்டு உழைப்பில் உருவான நூல் அது. பெரிய இசையமைப்பில் ஆறு குரல்கள். நான்கு குரல்கள் கைகளுக்கு, இரண்டு கால்களுக்கு. ஆர்கன் வாசிப்பவரின் இடக்கால் அடிக்குரலைத் தாங்கிக்கொண்டிருக்க, மனவருத்தப் பாட்டின் மெட்டு வலக்காலில், ஒவ்வொரு சுரமாக, நீண்டு செல்கிறது.