வேனின் வெப்பமானி முள் தாழ்வதேன்?

நோயாளியைக் காணச் சென்ற வைத்தியர் முதற்கண் நாடி பிடித்துப் பார்க்கின்றார். நாடி மிகுந்தாலும் நோய், குறைந்தாலும் நோய். மோட்டார் வேனின் முகப்புப் பலகையிலுள்ள வெப்பமானியும் அத்தகைய நாடியே. ஆயினும் நம்மவருட் பெரும்பாலோர் அதன் முள் மேலேறும்போது மாத்திரம் அஞ்சுகின்றனர். தாழ்ந்து கிடப்பின், எஞ்சின் குளிர்ச்சியாக ஓடுகின்றதென்று மகிழ்கின்றனர். வெயில் மிக்க நாட்டிலே வாழும் நமக்கு இவ்வெண்ணம் இயல்பே. ஆனால் அம்மகிழ்ச்சி எத்துணைப் பிழைபட்டதாகலாம் என்பதை யான் ஒருமுறை நேரிற் கண்டறிந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் மாணவர் சிலருடன் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு டீசல் வேனொன்றிற் சென்றுகொண்டிருந்தோம். அடிவாரத்தில் நடுவில் நின்ற முள், பாதி ஏற்றங் கடந்தபின் திடீரெனக் கீழே விழுந்தது. "மலைக்காற்று பட்டதும் எஞ்சின் குளிர்ந்துவிட்டது, ஐயா" என்றார் ஓட்டுநர். யானும் அதனை நம்பினேன். சிறிது தொலைவு செல்வதற்குள் தித்திப்பான ஒரு நெடி வண்டிக்குள் வீசிற்று. வண்டியை நிறுத்திப் பார்த்தபோது ரேடியேட்டர் ஹோஸ் ஒன்று கீறியிருந்தது. கூலண்ட் தொட்டியில் ஒரு துளியும் இல்லை. எஞ்சின் குளிரவில்லை, வெந்துகொண்டிருந்தது. இன்னுஞ் சில மைல் ஏறியிருப்பின் சிலிண்டர் ஹெட் கோணிப் போயிருக்கும். மலைவளைவிலே பிள்ளைகளுடன் நின்றிருப்போம்.

முள் ஏன் பொய் கூறிற்று? அதனை அறிதற்கு எஞ்சினின் வெப்பம் ஆளப்படும் முறையைச் சிறிது அறிதல் வேண்டும்.

எஞ்சின் குளிர்ந்திருத்தல் நன்றென்பது தவறு. பெரும்பாலான வேன்களின் எஞ்சின்கள் சுமார் 80 முதல் 95 சென்டிகிரேட் டிகிரி வரையில் ஓடுமாறு அமைக்கப்பட்டவை. அவ்வளவு சூடேறும்வரை நீரை ரேடியேட்டருக்குச் செல்லவிடாது தடுத்து நிற்கும் வாயிற்காவலனே தெர்மோஸ்டாட். அதனுள் ஒரு சிறு பித்தளைக் குப்பியில் மெழுகு அடைக்கப்பட்டிருக்கும். குறித்த வெப்பம் வந்ததும் மெழுகு உருகி விரிந்து, ஒரு தண்டைத் தள்ளி வாயிலைத் திறக்கும். வெப்பந் தணிந்தால் வில்கம்பி அதனை மூடும். இம்மெழுகு முறையை 1930-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் ஸெர்ஜியஸ் வெர்னெட் என்பார் உருவாக்கினார். இன்றளவும் பெரும்பாலான வண்டிகளில் இருப்பது அதுவே.

இனி, முள்ளை அசைப்பது சென்சார் என்னும் சிறு கருவி. வெப்பம் ஏற ஏற அதன் மின்தடை குறையும். பரவலாக வழங்கும் ஒரு வகையில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம் ஆக இருக்கும் தடை, 80 டிகிரியில் 300 ஓம் அளவிற்கு இறங்கிவிடும். தடை மிகுதியாயின் மீட்டர் அதனைக் "குளிர்ச்சி" என்றே பொருள் கொள்ளும். ஆகவே வயர் அறுந்தாலும், இணைப்பிற் பாசி பிடித்தாலும், எர்த் கெட்டாலும் முள் தாழ்ந்தே நிற்கும். மேலும், சென்சார் நீரில் மூழ்கியிருந்தாலன்றி நீரின் வெப்பத்தை அறியாது. நீர் வடிந்து அதனைச் சுற்றிக் காற்று நிறைந்துவிடின், பக்கத்தில் இரும்பு வேகும்போதும் அது குறைந்த அளவையே கூறும். எங்கள் வண்டியில் நிகழ்ந்தது இதுவே.

நிற்க. தாழ்ந்த முள்ளைக் கண்டவுடன் வினாவ வேண்டுவது ஒன்றே: எஞ்சின் மெய்யாகவே குளிர்ந்துள்ளதா, அன்றி மீட்டர் பொய் கூறுகின்றதா? இதனைத் துணியாமல் உறுப்புக்களை மாற்றுவது, நோயறியாமல் மருந்து கொடுப்பதை ஒக்கும். துணியும் வகையை முறையே கூறுவேன்.

முதலாவது, நீரைப் பார்த்தல். எஞ்சின் முற்றும் ஆறியபின் தொட்டியில் நீர் இரு கோடுகளுக்கும் இடையில் நிற்கின்றதா என்று காண்க. சூடாயிருக்கையில் மூடியைத் திறத்தல் ஒருபோதும் ஆகாது; அழுத்தத்தினால் 100 டிகிரிக்கு மேலுங் கொதியாதிருந்த நீர், மூடி தளர்ந்த கணமே பொங்கி முகத்தில் அடிக்கும். எக்காரணத்தை ஐயுற்றாலும் இச்சோதனையே முந்த வேண்டும்; ஏனைய பிழைகள் பொறுக்கும், நீரின்மை பொறாது.

இரண்டாவது, முள்ளின் நடத்தையைக் கவனித்தல். நெரிசலில் நிற்கும்போது முள் மெல்ல ஏறி, நெடுஞ்சாலையில் ஓடும்போதும் இறக்கத்திலும் தாழுமாயின், தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியுள்ளதென ஐயுறலாம். எப்போதும் அசையாது அடியிலேயே கிடப்பின், அல்லது குலுங்கும்போது துள்ளி விழின், குற்றம் பெரும்பாலும் மின்வழியைச் சேர்ந்தது. பெட்ரோல் அல்லது டீசல் அளவைக் காட்டும் முள்ளும் உடன் தாழ்ந்திருப்பின், இரு மீட்டருக்கும் பொதுவான மின்னூட்டத்தைச் சோதிக்க வேண்டும். நடுவிலிருந்து திடீரென விழின், உடனே வண்டியை நிறுத்தி நீரை ஐயுறுக. பனிக்காலத்தில் நெடுநேரம் நின்றபடி ஓடும் டீசல் எஞ்சினில் முள் சிறிதளவு இறங்குதல் மாத்திரம் குற்றமன்று. அவ்வகை எஞ்சின் சும்மா ஓடுகையில் உண்டாக்கும் வெப்பம் மிகக் குறைவு.

மூன்றாவது, ஹோஸைத் தொட்டறிதல். காலையில் ஆறிய எஞ்சினை ஓட்டி, விசிறியினின்றும் பெல்ட்டினின்றும் கையை விலக்கி, ரேடியேட்டருக்குச் செல்லும் மேல் ஹோஸைத் தொடுக. தெர்மோஸ்டாட் நன்கிருப்பின் அது நெடுநேரம் தண்மையாயிருந்து, பின்னர்ச் சடுதியிற் சூடேறும். தொடக்கமுதலே எஞ்சினோடு சேர்ந்து வெதுவெதுப்பானால் வாயில் மூடவில்லையென்பது தெளிவு. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸின் பக்கம் அமைந்திருக்கும். அவற்றிற் கீழ் ஹோஸையே பார்க்க வேண்டும். ஹீட்டர் உள்ள வேனாயின், முள் தாழ்ந்திருக்கையில் ஹீட்டர் நல்ல சூட்டுடன் வீசுமேல் மீட்டரே பொய்யன்.

நான்காவது, வேறொரு சாட்சியை அழைத்தல். தெர்மோஸ்டாட் கூட்டின்மேல் அகச்சிவப்புக் கதிர் வெப்பமானியைக் காட்டி அளக்கலாம். பளபளக்கும் உலோகத்தில் அஃது அளவைக் குறைத்துக் காட்டுமாதலின், ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் அளத்தல் நன்று. ஸ்கேனர் கருவியாலும் பார்க்கலாம். சில வண்டிகளில் மீட்டருக்கொன்றும் கம்ப்யூட்டருக்கொன்றுமாகச் சென்சார்கள் தனித்தனியே உண்டு. அங்கே இரண்டின் அளவையும் ஒப்பிட்டால் பொய்யன் அகப்படுவான். ஒரே சென்சாராயின் இரண்டும் ஒரே பொய்யைக் கூறும்.

ஐந்தாவது, மின்வழியைச் சோதித்தல். ஒற்றை வயர் சென்சார் உள்ள பழைய வண்டிகளில், சாவியைத் திருப்பிவைத்து அவ்வயரைக் கழற்றி எஞ்சின் உடலில் ஒரு கணம் தொடுக. முள் மேலே ஓடுமாயின் மீட்டரும் வயரும் நன்று; சென்சாரோ அதன் எர்த்தோ பழுது. சென்சாரின் மறையில் டேப்பைத் தடித்துச் சுற்றியதனாலும் எர்த் கெடுவதுண்டு. கம்ப்யூட்டர் உள்ள புது வண்டிகளில் இவ்வாறு தொடுதல் ஆகாது. மல்ட்டிமீட்டரால் தடையை அளப்பதே முறை.

ஆறாவது, ஐயம் தெர்மோஸ்டாட்டின் மேலாயின், அதனைக் கழற்றி நூலிற் கட்டி, வெப்பமானியுடன் பாத்திரத்து நீரில் தொங்கவிட்டுச் சூடேற்றுக. ஆறிய நிலையில் வாயில் முழுதும் மூடியிருத்தல் வேண்டும். அதன்மேற் பொறித்துள்ள டிகிரியளவிற் திறக்கத் தொடங்குதல் வேண்டும். இச்சோதனையை நம் கல்லூரிப் பௌதிகக் கூடத்தில் மாணவர் எவரும் எளிதிற் செய்து பார்க்கலாம்.

எஞ்சின் மெய்யாகவே குளிர்ந்து ஓடினால் என்ன கெடுதி என்று கேட்பாருமுளர். எரிபொருள் முழுதும் எரியாது வீணாகும். எரியாத பங்கு சிலிண்டர்ச் சுவர் வழியே இறங்கி ஆயிலை நீர்க்கச்செய்யும். எரிதலில் உண்டான நீராவி குளிர்ந்த சுவரிற் படிந்து அமிலத்தன்மையுற்று இரும்பை அரிக்கும். நம் ஊர்ப் பட்டறைகள் சிலவற்றில், "வெயில் நாட்டிற்கு இது வேண்டா" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கமுண்டு. அவ்வண்டியின் முள் தாழ்ந்தே நிற்கும், உடைமையாளரும் மகிழ்வர். ஆனால் தேய்மானம் அவர் அறியாமலே நடந்துகொண்டிருக்கும். சில நூறு ரூபாயிற் பெறத்தக்க சிற்றுறுப்பை நீக்கி, பேருறுப்பைத் தேயவிடுதல் சிக்கனமாகாது.

அன்று மலைச்சாலையில் ஒரு மணிநேரத்திற்கு மேல் காத்திருந்து, எஞ்சின் ஆறியபின் ஹோஸைக் கட்டி, நீர் நிரப்பி, மெல்ல இறங்கி வந்தோம். கொடைக்கானலைக் காணாத வருத்தம் மாணவருக்கு இருந்தது. எனினும் அந்த ஓட்டுநர் அதன்பின் முள் நடுவில் நில்லாத எந்நாளும், அது மேலே போயினும் கீழே போயினும், வண்டியை நிறுத்தி முதலில் நீரைப் பார்த்துவிட்டே ஓட்டுகின்றார். பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் ஒவ்வொருவரும் அவ்வழக்கத்தைக் கைக்கொள்வாராக.